தையல் டீச்சர் விட்டுவிட்ட பாடம்

மூத்த மகள் பிறந்தபோது நாற்பது நாள் நான் பள்ளிக்கூடம் போகவில்லை. மலைநாட்டில், உக்குவளையில் ஊர்க்காரர்கள் சேர்ந்து நடத்திய சின்னப் பள்ளிக்கூடம் அது. ஏழாம் வகுப்புப் பெண்பிள்ளைகளுக்கு நான் குடியியல் சொல்லிக்கொடுத்தேன். என் வகுப்பை யாரிடம் கொடுப்பது என்று தலைமையாசிரியர் யோசித்தபோது, தையல் டீச்சர் தானாகவே முன்வந்தாள். தேயிலைத் தோட்டத்து லயத்தில், தொழிலாளர்களின் வரிசை வீடுகளில் பிறந்தவள்; தாத்தா காலத்தில் இந்தியாவிலிருந்து வந்த குடும்பம். மூன்று வருஷமாக இருவரும் ஒரே மேசையில்தான் சாப்பிட்டோம்.

திரும்பி வந்ததும் பிள்ளைகளின் பாடக் கொப்பிகளைப் புரட்டினேன். பண்பாடு, சமூகம், அரசு எல்லாம் ஒழுங்காக எழுதப்பட்டிருந்தன. ‘சமூகம் என்றால், ஒருவர் இல்லாமல் மற்றவரால் இருக்க முடியாத ஆட்கள்’ என்று எழுதவைத்திருந்தாள். பாடப் புத்தகத்தில் இருந்ததைவிட அது நன்றாக இருந்தது. ‘குடிமக்கள்’ பாடம் மட்டும் எந்தக் கொப்பியிலும் இல்லை.

“அந்தப் பாடம் ஏன் டீச்சர் விடுபட்டுப்போச்சு?” என்று சாப்பாட்டு நேரத்தில் கேட்டேன்.

“விடுபடல டீச்சர், நான்தான் விட்டுட்டேன். குடிமகன்னா யாருன்னு போர்டுல எழுதினேன், அதுக்கு மேல கை ஓடல. எங்கப்பா குடியுரிமை கேட்டு மனுப் போட்டாங்க. ஆதாரம் பத்தாதுன்னு திருப்பி அனுப்பிட்டாங்க. நாங்க இந்த நாட்டு ஆளுங்க இல்லையாம். நான் எப்படிங்க அதைச் சொல்லிக்குடுப்பேன்?”

எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. போன தேர்தலில் உம்மாவோடு புதுச்சேலை கட்டிக்கொண்டு வாக்குப் போடப் போன கதையை, வாக்கே இல்லாத அவளிடம்தான் அவ்வளவு நேரம் அளந்திருந்தேன். அவளும் சிரித்த முகத்தோடு முழுக்கக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

மறுநாள் அந்தப் பாடத்தை நானே எடுத்தேன். புத்தகத்தில் உள்ளதை எழுதவைத்துவிட்டு, “இது சட்டம் சொல்ற பதில் புள்ளைகளே. நம்மட ஊரில இருக்கிற எல்லாரையும் இது சேர்க்கல்ல. அதையும் எழுதிக்கொள்ளுங்க” என்றேன். லயத்திலிருந்து வரும் இரண்டு பிள்ளைகள் தலை நிமிர்ந்து என்னைப் பார்த்தார்கள்.

அந்த வாரமே தலைமையாசிரியர் கூப்பிட்டார். “வகுப்பில அரசியல் வேணாம் டீச்சர். அந்த வரியை வெட்டச் சொல்லுங்க.”

“சரி சேர்” என்றேன். ஆனால் வெட்டச் சொல்லவில்லை. அவரும் பிறகு கேட்கவில்லை.

பல வருஷம் கழித்து, இரண்டு அரசாங்கங்கள் பேசி முடித்த ஒப்பந்தப்படி அவளுடைய குடும்பம் இந்தியாவுக்குப் போனது. ரயில் வரும்வரை ஸ்டேஷனில் அவள் என் கையை விடவே இல்லை. என்ன பேசினோம் என்று நினைவில்லை.

ஆறு மாதத்தில் கடிதம் வந்தது. ‘இங்கே எங்களை சிலோன்காரங்க என்கிறார்கள் டீச்சர். முதலில் கோபம் வந்தது, இப்போது கேட்க ஆசையாக இருக்கிறது. உங்கள் மூத்த மகள் வளர்ந்திருப்பாள். சட்டை தைத்து அனுப்புகிறேன், அவளுடைய அளவை அனுப்புங்கள்’ என்று எழுதியிருந்தாள்.

மகளைக் கூப்பிட்டு நிற்கவைத்து, தோளும் இடுப்பும் அளந்து எழுதி, அன்றைக்கே தபாலில் போட்டேன்.