வெள்ளிக்கிழமை அணைந்த சுவிட்ச்

கோகுலன் றுக்கியாவை முதன்முதலில் கண்டபோது அவள் சேர்வர் அறைக்குள் சால்வையை இறுக்கிப் போர்த்திக்கொண்டு நின்றாள். வெளியே திருகோணமலை வெயில், உள்ளே ஏசிக் குளிர். சரக்குக் கம்பனியின் கொழும்புத் தலைமையகம் அவனை அனுப்பியிருந்தது.

"எந்த ஊர், தம்பி?"

"தம்பலகாமம். எங்கட வீட்டில கம்பஸ் போன முதல் ஆள் நான்தான்."

கேளாமலே சொல்லிவிட்டான். அவள் சிரித்தாள். "அப்ப நல்லாத்தான் படிச்சிருப்பீங்க. என்ட அறையைப் பூட்டத்தானே வந்தீங்க?"



துறைமுகத்திலிருந்து சரக்கேற்றிப் போகும் ஒவ்வொரு லொறியின் எடையும் பதினாறு வருடங்களாக அந்த அறையின் இரண்டு இயந்திரங்களில்தான் பதிவாகிவந்தது. அவற்றைப் பார்த்துக்கொள்வது றுக்கியாவின் வேலை. எல்லாவற்றையும் கிளவுட்டுக்கு, எங்கோ தூரத்திலிருக்கும் இயந்திரங்களுக்கு, மாற்றிவிட்டு அறையை மூடலாம் என்பது தலைமையகத்தின் எண்ணம். நிறுப்பது இங்கே பதியட்டும், பிரதி அங்கே போகட்டும் என்று அவள் மூன்று கடிதம் எழுதினாள். சரி, ஒரு மாதம் அப்படி ஓட்டிப் பார்ப்போம், சரிவராவிட்டால் அறையும் இல்லை, வேலையும் இல்லை என்றார்கள்.

முதல் வெள்ளிக்கிழமை. லொறி நிறுக்கும் மேடையில் வேலைசெய்யும் ஹஸ்மி ஜும்ஆத் தொழுகைக்குப் போனதும், வழமைபோல அவனுடைய கதிரையில் றுக்கியா உட்கார்ந்தாள்.

"தங்கச்சி இருக்கிற நாளில மட்டும் என்ட லொறி பாரம் கூடுது" என்றார் சாரதி கோணாமலை.

"மற்ற நாளில ஒரு சில்லை மேடைக்கு வெளியில விட்டுட்டு நிக்கிறனீங்களோ, அண்ணன்?"

அவள் எடைச் சிட்டையைக் கிழித்துக் கொடுக்கையில் கோகுலன் ஓடி வந்தான்.

"அக்கா, பிரதி ஒண்டும் போகேல்லையாம். ஒரு மணித்தியாலத்துக்கு மேல லைன் இல்லை."

"இஞ்ச நான் பதினேழு லொறி நிறுத்துட்டன்."

இருவரும் நடைபாதைக்குப் போனார்கள். கோகுலன் பொருத்திய புது ரவுட்டர் செத்துக் கிடந்தது. அறைக்குள் இடமில்லாததால் அதற்கு நடைபாதைச் சுவரிலிருந்து மின்சாரம் கொடுத்திருந்தான். அந்தச் சுவிட்ச் அணைந்திருந்தது. மேலே ஒரு பழைய அறிவித்தல்: 'வெள்ளிக்கிழமை கடைசியாகப் போகிறவர் இதை அணைக்கவும்.' முன்பொருமுறை ஜும்ஆ நேரத்தில் அந்த இடத்தில் புகை வந்த பிறகு றுக்கியாவே எழுதி ஒட்டியது. ஹஸ்மி ஒன்பது வருடமாகத் தவறவிட்டதில்லை; இன்றும் அணைத்துவிட்டுத்தான் போயிருந்தான். ரவுட்டரை அங்கே பொருத்தும்போது பக்கத்தில் நின்றும் அவளுக்கு அது நினைவில் வரவில்லை.

சுவிட்சைப் போட்டாள். தேங்கி நின்ற பதிவுகள் ஒவ்வொன்றாகப் போய்ச் சேர்ந்தன.

"தலைமையகத்துக்கு வயர் பிழை எண்டு எழுதுவம், அக்கா. ஆருக்கு விளங்கப் போகுது?"

அவள் அறிவித்தலையே பார்த்துக்கொண்டு நின்றாள். உண்மையை எழுதினால் கவனமில்லாதவள் என்பார்கள். அறையை மூட அதுவே போதும்.

"அதில இருக்கிறது என்ட கையெழுத்து, தம்பி. எனக்கு விளங்குதே."

அறிவித்தல், சுவிட்ச், நேரம் எல்லாவற்றையும் எழுதினாள். கடைசியில் ஒரு வரி சேர்த்தாள்: 'எடை இங்கேயே பதிந்ததால், இணைப்பு இல்லாத எண்பது நிமிடத்தில் ஒரு லொறியும் காத்து நிற்கவில்லை.'

முதலில் வந்தது எச்சரிக்கைக் கடிதம். மாதம் முடிந்தபின் வந்த கடிதத்தில், அந்தக் கடைசி வரியைக் குறிப்பிட்டு, அறை இருக்கட்டும் என்றிருந்தது.

அறிவித்தலை ஹஸ்மி கழற்றிவிட்டான். றுக்கியா இப்போதும் அதே அறையில் வேலை செய்கிறாள். இங்குள்ள இயந்திரங்களுக்கும் கிளவுட்டுக்கும் அவள்தான் பொறுப்பு. எச்சரிக்கைக் கடிதம் அவளுடைய கோப்பில் இருக்கிறது.