கோவளத்து வஞ்சரமும் வசந்தா அக்காவின் மாங்காய்க் குழம்பும்

1994 மே மாதம், ஒரு ஞாயிற்றுக்கிழமை, சேலையூரிலிருந்து கோவளத்துக்கு மீன் வாங்கப் போனேன். காரணம் பொறாமை, வேறொன்றுமில்லை. பக்கத்து வீட்டு வசந்தா அக்கா ஞாயிறுதோறும் கோவளம் போய் மீன் வாங்கி வருவார். அவர் குழம்பு கொதிக்கும்போது என் கணவர் ஜன்னலோரம் நின்று, "குழம்புன்னா அது!" என்பார். தாம்பரம் மார்க்கெட் மீனில் நான் வைப்பது மட்டும் என்னவாம்? எனக்கு வயிறு எரிந்தது. ஒரு ஞாயிறாவது அந்த மனுஷன் வாயால் என் குழம்பைப் பாராட்ட வைத்தே தீருவது என்று கிளம்பினேன்.

காலை 5.20-க்குத் தாம்பரத்தில் பஸ். வண்டலூர் வழியாகக் கேளம்பாக்கம் ஒரு மணி நேரம். அங்கிருந்து இன்னொரு பஸ், ஏழு கிலோமீட்டர். போக மட்டும் ஆறு ரூபாய். பஸ்ஸில் ஏறினால் முன் சீட்டில் வசந்தா அக்கா!

"நீயும் வர்றியா? சொல்லியிருந்தா சேர்ந்தே வந்திருக்கலாமே!" என்றார். அந்தச் சிரிப்பைப் பார்த்ததும் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

கரையில் பலத்த காற்று. படகெல்லாம் மணலில் கிடந்தன. "ரெண்டு நாளா யாரும் கடலுக்குப் போவலக்கா. கீறதெல்லாம் ஐஸ் மீனுதான்," என்றாள் மீன்காரி. வசந்தா அக்கா ஒரு வஞ்சரத்தின் செவுளைத் தூக்கிப் பார்த்தார். கிலோ எண்பது ரூபாய். "இதுக்கு எண்பதா? இன்னிக்கு மீனே வேணாம்பா," என்று பையை மடித்துக்கொண்டார்.

கையில் காசில்லை போல என்று எனக்கு உள்ளுக்குள் ஒரே குஷி! அவர் பார்க்கப் பார்க்க ஒன்றரைக் கிலோ வாங்கினேன், பேரம்கூடப் பேசாமல். திரும்பும் வழியில் கேளம்பாக்கத்தில் அவர் மாங்காயும் கத்திரிக்காயும் வாங்கியபோது, பாவம் என்றுகூட நினைத்தேன்.

வெயிலில் பஸ் ஊர்ந்து வீடு சேர்வதற்குள் மீன் தொளதொளத்துவிட்டது. மசாலாவை அள்ளிக் கொட்டினேன். கணவர் இரண்டு வாய் சாப்பிட்டுவிட்டுத் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்த நேரம் பார்த்து வசந்தா அக்கா ஒரு கிண்ணத்தில் மாங்காய்க் குழம்பு கொண்டுவந்து கொடுத்துவிட்டுப் போனார். மனுஷன் அதை ஊற்றி மூன்று தடவை சோறு போட்டுக்கொண்டார். என் வஞ்சரம் தட்டோரம் கிடந்தது.

கோவளம் போகிறவர்கள் ஏழு மணிக்குள் போய்விடுங்கள். படகு கடலுக்குப் போனதா என்று முதலில் கேளுங்கள். செவுள் சிவப்பாக இல்லையா, பேசாமல் காய்கறி வாங்கிக்கொண்டு திரும்புங்கள். நல்லதாகக் கிடைக்கிற அன்று மீன் சாப்பிட்டால் போதும். பக்கத்து வீட்டுக்காரி பார்க்கிறாளே என்று மட்டும் வாங்கவே வாங்காதீர்கள்.

மாலையில் கிண்ணத்தைத் திருப்பிக் கொடுக்கப் போனேன். "வஞ்சரம் எப்படி இருந்துச்சு?" என்று கேட்டார்.

"பிரமாதம்க்கா! அவரு ஒரு துண்டுகூட மிச்சம் வைக்கலை."

"அப்படியா?" என்றார் வசந்தா அக்கா. "ராத்திரிக்கு இன்னும் கொஞ்சம் மாங்காய்க் குழம்பு கிடைக்குமான்னு இப்பதானே வந்து கேட்டுட்டுப் போனாரு!"