அக்கா வரைந்த திருஷ்டி முகங்கள்

எங்கள் அக்காவின் காரியத்துக்கு வந்து, இந்தச் சிறு நினைவு மலரைக் கையில் வாங்கியிருக்கும் உறவினர்களுக்கும் நண்பர்களுக்கும் அவருடன் பிறந்த தங்கையின் வணக்கம். அட்டையில் இருக்கும் படத்தில் அக்கா யாரையோ முறைப்பது போலத் தெரியும். கோபமில்லை. எதிரில் நின்ற புகைப்படக்காரரின் முகத்தை ஆராய்ந்துகொண்டிருந்தார், அவ்வளவுதான். இடது புருவம் கொஞ்சம் மேலே ஏறியிருப்பதைப் பாருங்கள். யாரையாவது மனத்துக்குள் கேலி செய்யும்போது அது அப்படித்தான் ஏறும்.

துக்கம் விசாரிக்க வந்த பெரியவர்கள் பலர் ஒரே கேள்வியைத்தான் கேட்டார்கள். "அந்தம்மா மூஞ்சி வரையறத ஏன் வுட்டுட்டாங்க?" இளையவர்களுக்கோ அக்கா வரைந்தார் என்பதே தெரியாது. இரு தரப்புக்கும் சேர்த்து இங்கே எழுதிவிடுகிறேன்.

பிள்ளைப்பாக்கத்தில் பயிர்த்தொழில் செய்த குடும்பத்தில் மூத்த மகளாகப் பிறந்தவர் அக்கா. ஏரிக்குக் கீழே கொஞ்சம் நெல், மேட்டில் காய்கறித் தோட்டம், அதுதான் எங்கள் சொத்து. எட்டாம் வகுப்போடு அக்காவின் படிப்பு நின்றுபோனது. கணக்கு வாத்தியாரைச் சிலேட்டில் வரைந்தார், சிலேட்டு வாத்தியார் கைக்கே போய்விட்டது, அதனால்தான் நின்றது என்று அக்காவின் கணவரான மாமா கடைசிவரை கிண்டல் செய்வார். அம்மா படுத்த படுக்கையானதால் நின்றது என்பதே உண்மை. சமையல், தோட்டம், நான் என எல்லாப் பொறுப்பும் அக்காவின் தலையில் விழுந்தது. எனக்குத் தலை பின்னிப் பள்ளிக்கு அனுப்பியவர் அவர். நான் ஆசிரியையாகி ஓய்வும் பெற்றுவிட்டேன். அக்கா பள்ளிக்கூட வாசலை அப்புறம் மிதிக்கவே இல்லை.

ஸ்ரீபெரும்புதூரில் வாழ்க்கைப்பட்டார். மாமா ஒரு தொழிற்சாலையில் ஷிப்ட் வேலை பார்த்தார். கல்யாணமான சில வருடங்களில் அங்கே கதவடைப்பு வந்தது. மாமா வாசலிலேயே உட்கார்ந்து ரோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். அக்கா ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. அப்பாவின் தோட்டத்துக் காயைக் கொண்டுவந்து கடைத்தெருவில் சாக்கு விரித்து உட்கார்ந்துவிட்டார். மாமாவுக்கு மறுபடி வேலை கிடைத்த பிறகும் கடையை விடவில்லை.

அமாவாசைக்கு முன்பு திருஷ்டிப் பூசணி நன்றாக விற்கும். புது வீட்டு வாசலில் அரக்கன் முகம் எழுதிய காயைக் கட்டித் தொங்கவிடுவதும், அமாவாசை வந்தால் பழசைக் கழற்றி முச்சந்தியில் உடைத்துப் புதுசு கட்டுவதும் உங்களுக்குத் தெரிந்ததுதான். முகம் எழுதிக் கொடுத்தால் சீக்கிரம் போகும் என்று அக்கா தூரிகையை எடுத்தார். முதலில் எல்லோரையும் போலக் கொம்பு, கோரைப்பல், தொங்கும் நாக்கு. பிறகு கை தானாக வேறு பக்கம் போய்விட்டது.

பூசணியின் மேல் சாம்பல் படிந்திருக்கும் இல்லையா, அதை விரலால் துடைத்தே கன்னத்துக் குழியையும் மூக்கின் நிழலையும் கொண்டுவந்துவிடுவார். கறுப்பும் சிவப்பும் ரெண்டு இழுப்புத்தான். சுருட்டை முடியோடு, படத்தின் கடைசிக் காட்சியில் மட்டும் திருந்துகிற வில்லன் வந்துவிடுவான். அழுதாலும் பவுடர் கலையாத கதாநாயகன் வருவான். ஐந்து வருடத்துக்கு ஒருமுறை கும்பிடு போடும் வேட்பாளருக்கு வாய் காது வரை நீளும். மேடையில் தூங்கும் தலைவருக்கு ஒரு கண் மட்டும் லேசாகத் திறந்திருக்கும், பூமாலை வருகிறதா என்று பார்ப்பதற்காக. படப்பை, மணிமங்கலத்திலிருந்தெல்லாம் ஆட்கள் வந்து, "அந்தத் தூங்கற ஆளு கீறாரா?" என்று கேட்டு வாங்கிப் போனார்கள்.

"திருஷ்டி காய்னா பயமா இருக்க வேணாமாக்கா?" என்று ஒருநாள் கேட்டேன்.

"கண்ணு படறதுன்னா இன்னாடி? வயித்தெரிச்சல். சிரிச்சிகினே யாராவது வயிறு எரிவாங்களா? வாசல்ல நின்னு சிரிச்சிட்டான்னா போச்சு, அந்த வூட்ட ஒன்னும் பண்ண முடியாது."

 

அந்தச் சமயத்தில்தான் எங்கள் பக்கம் நிலம் கைமாற ஆரம்பித்தது. எல்லா ஊரிலும் மனை போட்டார்கள். அப்பாவின் மேட்டு நிலத்தை ஒரு தரகர் பேசிப் பேசியே எழுதி வாங்கிவிட்டார். இனி மழையை நம்ப முடியாது, பிள்ளைகளும் விவசாயம் பார்க்கப் போவதில்லை என்று அவர் சொன்னதில் பொய் எதுவும் இல்லைதான். ஆனால் அங்கே கல் நட்டுக் கொடி கட்டிய பிறகுதான் அதன் மதிப்பு அப்பாவுக்குப் புரிந்தது. அப்பா அதற்கப்புறம் அந்தப் பக்கம் நடக்கவே இல்லை. அக்கா கடைக்குக் காயை வெளியில் வாங்க வேண்டியதாயிற்று. தன் பெயரைப் போட வேண்டாம் என்று அவரே கேட்டுக்கொண்டதால், தரகர் அண்ணன் என்றே எழுதுகிறேன்.

1991ஆம் வருடம், தேர்தல் நேரம். தரகர் அண்ணன் ஸ்ரீபெரும்புதூருக்குள் மாடி வீடு கட்டிக் குடிபோனார். திருஷ்டிப் பூசணி வேண்டும் என்று ஆள் அனுப்பினார், அதுவும் எங்கள் கடைக்கே. அக்கா நாள் முழுக்க உட்கார்ந்து எழுதினார். வெற்றிலை அடக்கிய கன்னம், எறும்பு வரிசை மாதிரி மீசை, விலை சொல்லும்போது மட்டும் உயரும் இடது புருவம். சாட்சாத் அவரேதான். ஒரு கொம்புகூட வைக்கவில்லை. வந்த ஆள் கவனிக்காமல் வாங்கிப் போய் மாடியிலிருந்து கட்டிவிட்டார்.

மறுநாள் அந்தத் தெருவில் போனவர்கள் எல்லோரும் திரும்பி ஒருமுறை வந்தார்கள். எதற்கு இந்தக் கூட்டம் என்று அவரே வெளியில் வந்து அண்ணாந்து பார்த்தார். உடனே ஏணி கொண்டுவரச் சொன்னார். அவர் மனைவி ஏணியைப் பிடித்துக்கொண்டு விடவில்லை. "கட்னத அமாவாசைக்கு முன்ன கழட்னா வூட்டுக்கு ஆவாது" என்றுவிட்டார். ஊரையே பேச்சில் மடக்கியவர் ஏணியை விட்டுவிட்டு உள்ளே போய்விட்டார். அன்றிலிருந்து அவர் தன் புது வீட்டுக்குப் பின்வாசல் வழியாகப் போய்வந்தார். நாங்கள் அக்கா வீட்டில் வயிறு வலிக்கச் சிரித்தோம். அப்பாகூடச் சிரித்தார்.

அமாவாசை வருவதற்குள் அந்த மே மாதத் துயரம் எங்கள் ஊரில் நடந்துவிட்டது. தேர்தல் கூட்டத்துக்கு வந்த தலைவர் கொல்லப்பட்டார். உலகம் முழுக்க எங்கள் ஊர்ப் பெயரைச் சொன்னது. ஊருக்குள்ளேயோ யாரும் யாரோடும் பேசவில்லை. கடைகள் மூடிக் கிடந்தன. விசாரணைக்கு வந்தவர்கள் தெருத்தெருவாகக் கேட்டுப் போனார்கள். தலைவர்களின் முகத்தைப் பூசணியில் எழுதி உடைக்கக் கொடுக்கும் பொம்பளை ஒருத்தி இருக்கிறாள் என்று அவர்களிடம் யாரோ சொல்லிவிட்டார்கள். யாரென்று இன்றுவரை தெரியாது. தெரிந்து ஆவதும் ஒன்றுமில்லை.

கோடை விடுமுறை என்பதால் நான் அக்கா வீட்டில் இருந்தேன். அக்காவைத் தரகர் அண்ணன் வீட்டு வாசலுக்கு வரச் சொன்னார்கள். தெருவில் அப்போது தொங்கிய முகம் அது ஒன்றுதான். நானும் மாமாவும் கூடவே போனோம். வந்திருந்த அதிகாரி கடுமையாகப் பேசவில்லை. மேலே காட்டி, "இது யாரும்மா? எந்தக் கட்சித் தலைவரு?" என்று கேட்டார்.

அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டார். உண்மையைச் சொன்னால், ஒரு மனிதரை அவர் வீட்டு வாசலிலேயே நிற்கவைத்து மறுபடி அவமானப்படுத்த வேண்டும். சொல்லாவிட்டால் எங்கே கூட்டிப் போவார்களோ தெரியாது. அக்காவின் கடைசிக் குழந்தை அப்போது பால்குடி மறக்கவில்லை. மாமாவின் சட்டை முதுகோடு ஒட்டிப்போயிருந்தது. தெருவே பார்த்துக்கொண்டிருந்தது.

அப்போது, இத்தனை நாள் மூடியிருந்த முன்கதவு திறந்தது. தரகர் அண்ணன் வந்து பூசணிக்கு நேர் கீழே நின்றார்.

"சார், அது நான்தான் சார். என் மூஞ்சிதான்."

அதிகாரி மேலே பார்த்தார், கீழே பார்த்தார்.

"நான்தான் வரைய சொன்னேன் சார். நம்ம மேல ஊர்ல நெறைய பேருக்கு வயித்தெரிச்சல். பாத்து சிரிச்சிட்டு போவட்டும்னு சொல்லித்தான் போட சொன்னேன். இந்தம்மா மேல ஒன்னும் இல்ல."

சொல்லிவிட்டு, சந்தேகம் இருக்கக் கூடாது என்று நினைத்தாரோ என்னவோ, இடது புருவத்தை உயர்த்திக் காட்டினார். அதிகாரி ஏதோ குறித்துக்கொண்டு போய்விட்டார். இத்தனை நாள் ஒளிந்து ஒளிந்து சிரித்த தெரு அன்றைக்குச் சிரிக்கவில்லை.

அக்கா அவர் அருகில் போய், "கோவத்துல போட்டதுண்ணா அது" என்றார்.

"தெரியும்மா. உங்க அப்பா நெலம். போ, போய் புள்ளைய பாரு."

பேச்சு அவ்வளவுதான். அதற்காக நிலம் திரும்பி வரவில்லை. அவரும் ஒரேயடியாக நல்லவராக மாறி, தரகை விட்டுவிடவில்லை. கெட்டவர் என்று நினைத்தவர் கெட்டவராகவே இருந்திருந்தால் அக்கா மறுநாளே தூரிகையை எடுத்திருப்பார். நல்லவராக மாறியிருந்தாலும் மனம் ஆறியிருக்கும். இரண்டும் இல்லாமல் போனதுதான் அவரைக் குழப்பிவிட்டது. வீட்டுக்கு வந்ததும் பெயிண்ட் டப்பாக்களை இறுக்கி மூடினார். "இனிமே யாரு மூஞ்சியும் வேணாம்" என்றார். மாமாவுக்கு நிம்மதி. எங்கள் எல்லோருக்குமே அப்போது அது நிம்மதியாகத்தான் இருந்தது.

பிறகும் அக்கா திருஷ்டிப் பூசணி விற்றார். ஆனால் எல்லாக் காயிலும் ஒரே அரக்கன், ஒரே கொம்பு. தரகர் அண்ணன் கட்டிய ஒவ்வொரு வீட்டுக்கும் ஆள் அனுப்பி, "மூஞ்சி போட்டுக் குடுக்க சொன்னாரு" என்று கேட்பார். கொம்பு வைத்த காய்தான் போகும். ஊர் மாறியது. ஒரகடம் வரை தொழிற்சாலைகள் நிறைந்தன. அக்காவின் பிள்ளைகளும் படித்து அங்கேயே வேலைக்குப் போனார்கள். மாமா போய்ச் சேர்ந்தார். அக்கா சாயங்காலத்தில் டிவி பார்ப்பார். யாராவது மைக்கைப் பிடித்து வாக்குறுதி கொடுத்தால் அவருடைய புருவம் ஏறும், ஆள்காட்டி விரல் மடியில் எதையோ கிறுக்கும். நான் பார்ப்பது தெரிந்தால் கையை முந்தானைக்குள் இழுத்துக்கொள்வார். 

போன வருடம் பக்கவாதம் வந்து அக்காவின் வலது கை விழுந்துவிட்டது. ஒருநாள் கஞ்சி கொடுத்துக்கொண்டிருந்தபோது, கேட்காமலே சொன்னார்.

"அவரு மூஞ்சிய போட்டது தப்பில்லடி. நிறுத்துனேன் பாரு, அதான் தப்பு."

"அந்த மனுஷன் அவமானப்பட்டாரேன்னுதானேக்கா நிறுத்துனீங்க?"

"அவரு நிறுத்த சொன்னாரா? வரைய சொல்லி ஆள் மேல ஆளு அனுப்புனாரு. எனக்குத்தான் தைரியம் இல்ல. எத்தினி மூஞ்சி போச்சுடி. கை நல்லா கீறப்போ வுட்டுட்டு, இப்ப கெடந்து தவிக்கிறேன்."

மறுநாள் பூசணிக்காய் கேட்டார். மகன் வாங்கி வந்து மடியில் வைத்துப் பிடித்துக்கொண்டான். இடது கை விரலால் சாம்பலைத் துடைத்து, மையைத் தொட்டு மெல்ல எழுதினார். இரண்டு கண்களும் உயர்ந்த ஒரு புருவமும் வந்தன. கை தளர்ந்துவிட்டது.

"யாருக்கா இது?"

"முடிக்கல இன்னும். முடிச்சிட்டு சொல்றேன்."

முடிக்கவில்லை. வாசலில் கட்டச் சொன்னார், கட்டினோம். அந்த வாரமே அக்கா போய்விட்டார்.

படுக்கையில் இருந்த காலமெல்லாம் வீடு தேடி வந்து பார்த்த டாக்டருக்கும் நர்ஸ் பெண்ணுக்கும், கடைத்தெருவில் ஒருநாள் கடையடைத்து உடன் நடந்தவர்களுக்கும், இரவு ஷிப்ட் முடித்துத் தூங்காமல் வந்து தோள் கொடுத்த பிள்ளைகளின் தோழர்களுக்கும், எங்களைச் சாப்பிடவைத்த பக்கத்து வீட்டுக்காரர்களுக்கும் எங்கள் குடும்பம் என்றும் கடமைப்பட்டிருக்கிறது.

தரகர் அண்ணனுக்கும் நன்றி சொல்ல வேண்டும். தள்ளாத வயதில் பேரன் தோளைப் பிடித்துக்கொண்டு துக்கத்துக்கு வந்தார். உள்ளே வரும்முன் வாசலில் நின்று அண்ணாந்து பார்த்தார். நெடுநேரம் பார்த்தார்.

"இது நான்தாம்மா" என்றார் என்னிடம். "அந்தப் புருவம் என்னுது. எனக்காவத்தான் போட்டுகீது."

நான் தினமும் அந்தக் காயின் கீழேதான் போய்வருகிறேன். கன்னத்தில் வெற்றிலை இல்லை, மீசைக்கு இடமும் விடவில்லை. அந்தக் கண்கள் யாருடையவை என்று எனக்குத் தெரியும். இந்த மலரின் அட்டையைத் திருப்பிப் பார்த்தால் உங்களுக்கும் தெரியும்.

அன்றைக்கு அந்த வாசலில் அவர் கதவைத் திறந்து வந்து நின்றதை நினைத்துக்கொண்டேன்.

"ஆமாண்ணா, நீங்கதான்" என்றேன்.

அவர் சிரித்துவிட்டார்.