முதுகில் வைத்த கை

எனக்கு அந்த வேலை கிடைத்ததற்குக் காரணம் என் படிப்பு மட்டும் அல்ல, என் முகமும்தான். அணுபுரம் குடியிருப்பில் வளர்ந்த காலத்தில் அம்மா என்னை உம்மணாமூஞ்சி என்றுதான் கூப்பிடுவார். சந்தோஷமோ துக்கமோ என் முகத்தில் ஏறாது. உளவியலில் முதுகலை முடித்துவிட்டு வீட்டில் இருந்தபோது, பதற்றத்தில் மனித உடம்பு என்ன செய்கிறது என்று ஆராய்ந்துகொண்டிருந்த ஒரு பேராசிரியர் என்னை நேர்காணலுக்கு அழைத்தார். கேள்விகள் முடிந்ததும் ஒரு ஜோக் சொன்னார். எனக்குச் சிரிப்பு வந்தது, முகத்துக்கு வரவில்லை. நாளைக்கே வேலைக்கு வரச் சொல்லிவிட்டார்.

செங்கல்பட்டில், கொளவாய் ஏரியைப் பார்த்த ஒரு கட்டடத்தின் மாடியில் எங்கள் அறை. சோதனை எளிமையானது. வருபவர் ஒரு மைக் முன்னால் நின்று தன்னைப் பற்றிச் சில நிமிடம் பேச வேண்டும். எதிரே வெள்ளைக் கோட்டு போட்டுக்கொண்டு, மதிப்பெண் போடுபவர்களைப் போல, நானும் ஒரு ஆராய்ச்சி மாணவரும் உட்கார்ந்திருப்போம். தலையாட்ட மாட்டோம், சிரிக்க மாட்டோம். பேச்சு நின்றால் கொஞ்ச நேரம் சும்மா பார்த்துவிட்டு, “இன்னும் நேரம் இருக்கிறது, தொடருங்கள்” என்று மட்டும் சொல்ல வேண்டும். அந்த ஒரு வாக்கியம் ஆட்களை என்ன பாடு படுத்தும் என்பதை அங்கேதான் பார்த்தேன். பெரிய பதவியில் இருப்பவர்கள்கூடச் சொன்னதையே திரும்பச் சொல்வார்கள். பேசுபவரின் மார்பில் ஒரு பட்டை கட்டியிருக்கும். அவருடைய இதயத் துடிப்பு எங்கள் மேஜையில் இருந்த சின்னத் திரையில் எண்ணாக ஓடும். எங்கள் இருவரையும்கூடப் பேராசிரியர் அதே பட்டையைக் கட்டிக்கொள்ளச் சொல்லியிருந்தார். நாங்கள் களைத்துப்போகிறோமா என்று பார்ப்பதற்காக இருக்கும் என்று நினைத்துக்கொண்டேன்.

எல்லோரும் இரண்டு முறை வர வேண்டும். முதல் முறை தனியாக, இரண்டாம் முறை தெரிந்தவர் ஒருவரோடு. கூட வருபவர் பின்னால் ஒரு நாற்காலியில் உட்கார்ந்திருப்பார், பேசக் கூடாது.

அப்படி வந்தவர்களில் ஒரு பெண்ணை என்னால் மறக்க முடியாது. ஊர் கருங்குழிப் பக்கம். சிங்கப்பெருமாள் கோயில் தாண்டி இருந்த ஒரு கார் உதிரிப்பாகத் தொழிற்சாலைக்குத் தினமும் கம்பெனி வேனில் போய் வந்துகொண்டிருந்தாள். அவள் பிறந்த வீட்டில் மாதச் சம்பளம் வாங்கும் முதல் ஆள் அவள்தான். ஒரு வரிசைத் தொழிலாளர்களை மேற்பார்க்கும் லைன் லீடர் வேலைக்கு ஆள் எடுக்கப் போகிறார்கள், அதற்கு மேனேஜர்கள் முன்னால் பேச வேண்டும், இங்கே வந்தால் பேசிப் பழகலாம் என்று தோழி சொல்லியிருக்கிறாள். நாங்கள் யாருக்கும் எதையும் பழக்குவதில்லை என்று பேராசிரியர் முதலிலேயே விளக்கினார். பரவாயில்லை என்று கையெழுத்துப் போட்டாள்.

முதல் நாள் பேரைச் சொன்னாள், வேலையைச் சொன்னாள், நின்றுவிட்டாள். நான் என் வாக்கியத்தைச் சொன்னேன். உதடு அசைந்தது, சத்தம் வரவில்லை. திரையில் எண் ஏறிக்கொண்டே போனது. வேண்டாம் என்றால் நிறுத்திக்கொள்ளலாம் என்று பேராசிரியர் உள்ளே வந்து சொன்னார். அவள் தலையை ஆட்டி மறுத்துவிட்டு, நேரம் முடியும்வரை அந்த மைக்கைப் பார்த்தபடியே நின்றாள்.

இரண்டாம் முறை தோழியை அழைத்து வருவதாக ஏற்பாடு. தோழிக்கு அன்று ஓவர்டைம் போட்டுவிட்டார்கள். வேறு வழியில்லாமல் மாமியாரைக் கூட்டிக்கொண்டு வந்தாள். பள்ளிக்கூடச் சத்துணவில் சமைக்கும் அம்மா, நல்ல உயரம், படியேறி வந்ததும் டாக்டர் எங்கே என்று கேட்டார். பட்டை கட்டும்போது அந்தப் பெண் என் காதோரம் மெல்லச் சொன்னாள். “மேடம், நாங்க ரெண்டு பேரும் பேசிக்கிறதில்ல. பஸ்ல கூட வேற வேற சீட்டு. வேற ஆள் கெடைக்கல, அதான் இட்டுகினு வந்தேன்.”

வேலைக்குப் பக்கத்திலேயே வாடகைக்கு வீடு பார்த்துப் போய்விடலாம் என்று இவள் சொல்லியிருக்கிறாள்; பேரப்பிள்ளையைப் பிரிக்கப் பார்க்கிறாள் என்று மாமியார் எடுத்துக்கொண்டிருக்கிறார். அன்றிலிருந்து இருவருக்கும் பேச்சு இல்லை. பேராசிரியரிடம் போய், இது சரியாக வராது, இன்னொரு நாள் வைத்துக்கொள்ளலாமா என்று கேட்டேன். அவர் யோசித்துவிட்டு, தெரிந்தவர் என்றுதானே கேட்டோம், பிடித்தவர் என்று கேட்கவில்லையே என்றார்.

மாமியார் பின்னால் உட்கார்ந்து, கையைக் கட்டிக்கொண்டு, ஜன்னலுக்கு வெளியே ஏரியைப் பார்த்தார். இவள் தொடங்கினாள். பேரைச் சொன்னாள், வேலையைச் சொன்னாள். போன தடவை நின்ற அதே இடத்தில் நின்றாள். எண் ஏறியது. நான் என் வாக்கியத்தைச் சொன்னேன்.

நாற்காலி தரையில் இழுபடும் சத்தம் கேட்டது. அந்த அம்மா எழுந்திருக்கவில்லை. உட்கார்ந்தபடியே நாற்காலியை முன்னால் நகர்த்தி, கையை நீட்டி, மருமகளின் முதுகில், இரண்டு தோளுக்கும் நடுவில் வைத்தார். தட்டவில்லை, தடவவில்லை. சும்மா வைத்தார். பார்வை மட்டும் என்மேல் இருந்தது, அதில் நல்ல கோபம். பேசக் கூடாது என்றுதான் சொல்லியிருந்தோம். தொடக் கூடாது என்று யாரும் சொல்லவில்லை.

அந்தப் பெண் திரும்பிப் பார்க்கவில்லை. அவள் தோள்கள் இறங்குவது தெரிந்தது. பிறகு திரையில் எண் இறங்க ஆரம்பித்தது. ஒவ்வொன்றாக, யாரோ கையைப் பிடித்து மெதுவாகப் படியிறக்கிக் கூட்டி வருவதைப் போல. நெருங்கியவர் அருகில் இருந்தால் உடம்பின் பதற்றம் தணியும் என்று நான் பரீட்சைக்குப் படித்திருக்கிறேன், எழுதி மதிப்பெண்ணும் வாங்கியிருக்கிறேன். அது கண்ணெதிரே நடக்கும் என்று ஏனோ நினைத்ததே இல்லை. அதுவும் பஸ்ஸில் வேறு வேறு சீட்டில் வந்த இரண்டு பேருக்கு நடுவில். மனதளவில் அவர்கள் சமாதானமாகவில்லை, அது எனக்கு நிச்சயம். ஆனால் அந்தக் கை யாருடையது என்று அவள் உடம்புக்குத் தெரிந்திருந்தது.

அவள் பேசினாள். ஹெட்லைட்டுக்குள் ஒயரை எப்படி மடித்து வைக்க வேண்டும், புதிதாக வந்த பிள்ளைகள் எங்கே தவறு செய்வார்கள், அவர்களைத் திட்டாமல் எப்படிச் சொல்லித் தருவாள் என்றெல்லாம். நேரம் முடிந்து மணி அடித்த பிறகும் ஒரு வாக்கியம் மீதி இருந்தது, அதையும் முடித்துவிட்டுத்தான் நிறுத்தினாள்.

எல்லாம் முடிந்ததும் உண்மையைச் சொல்வது எங்கள் வழக்கம். நாங்கள் மதிப்பெண் போடவில்லை, சிரிக்கக் கூடாது என்பது எங்களுக்கு இடப்பட்ட விதி என்று பேராசிரியர் சொன்னார். அந்தப் பெண் கொஞ்ச நேரம் நம்பவில்லை, பிறகு வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். மாமியார் சிரிக்கவில்லை. என் பக்கம் திரும்பி, “இன்னாம்மா நீ, பாத்தா படிச்ச பொண்ணாட்டம் கீற. வூட்டுப் புள்ள ஒண்ணு நின்னுகினு திணறுது, ஒரு சிரிப்பு சிரிச்சா இன்னா கொறஞ்சி பூடும்?” என்றார். நான் மன்னிப்புக் கேட்டேன். இருவரும் படியிறங்கிப் போனார்கள். ஜன்னலிலிருந்து பார்த்தேன். மாமியார் முன்னால், மருமகள் நாலடி பின்னால், ஒரு வார்த்தை இல்லாமல் பஸ் ஸ்டாண்டு பக்கம் நடந்தார்கள்.

மாலையில் பேராசிரியர் என்னைக் கூப்பிட்டுக் கணினியில் இரண்டு கோடுகளைக் காட்டினார். ஒன்று அந்தப் பெண்ணுடையது. அவள் நின்றுபோன இடத்தில் மேலே போய், கை வந்த பிறகு இறங்கியது. இரண்டாவது கோடும் ஏறக்குறைய அதே இடங்களில் ஏறி, அதே இடத்தில் இறங்கியது. அது யாருடையது என்று கேட்டேன்.

“உன்னோடதுதான்” என்றார்.

கல் மாதிரி உட்கார்ந்திருந்தேன் என்று நினைத்துக்கொண்டிருந்த நேரம் முழுக்க, எனக்குத் தெரியாமலே என் இதயம் அவளோடு ஏறி அவளோடு இறங்கியிருக்கிறது. அந்த அம்மாவின் கை என் முதுகில் இல்லை. ஆனாலும் எனக்கும் அது போதுமானதாக இருந்திருக்கிறது. ஒரு ஆளை வைத்து எதையும் முடிவாகச் சொல்ல முடியாது என்று பேராசிரியர் வழக்கம்போல எச்சரித்தார். அண்ணனோடு வந்த ஒருவருக்குத் தனியாக வந்ததைவிடப் படபடப்பு அதிகமானதையும் நினைவுபடுத்தினார். பிறகு, தனக்குள் பேசுவதைப் போல, “அந்தம்மாவுக்கும் ஒரு பட்டை கட்டியிருக்கணும். அவங்களுக்குள்ள என்ன ஓடுச்சோ” என்றார். அந்தக் கோட்டை நான் இன்றைக்கும் கற்பனை செய்து பார்ப்பதுண்டு.

சில மாதங்கள் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை அம்மா அப்பாவோடு மாமல்லபுரம் கடற்கரைக்குப் போயிருந்தேன். வறுத்த மீன் வாங்க நின்றபோது போன் வந்தது. அந்தப் பெண். லைன் லீடருக்குப் பேசினாளாம், எடுக்கவில்லையாம், அடுத்த முறையும் பேசப் போகிறாளாம். வீடு மாறவில்லை, மாறும் பேச்சும் முடியவில்லை. உள்ளே பயமாக இல்லையா என்று கேட்டேன்.

“பயந்தான் மேடம். கடைசி வரைக்கும் போகல” என்றாள். “ஆனா வாய் அதும்பாட்டுக்குப் பேசிகினே போச்சி. எனக்கே ஆச்சரியமா இருந்துச்சி.”

அலைச் சத்தத்தில் சரியாகக் கேட்கிறதா என்று கேட்டாள். கேட்கிறது என்றேன். மீன் ஆறிப்போகிறது என்று அப்பா கையைக் காட்டினார். நான் போனைக் காதில் இறுக்கி வைத்துக்கொண்டு, மேனேஜர்கள் முன்னால் என்னென்ன பேசினாய், முதலிலிருந்து சொல்லு என்றேன்.