ஜெபக்குமார் வீட்டில் எதுவும் பழுதாவதில்லை

திருக்கழுக்குன்றத்தில் மலைக்குப் பின்பக்கம் புதிதாக மனை போட்ட நகர் ஒன்று இருக்கிறது. அதில் யார் வீட்டுக் குழாய் சொட்டினாலும், யார் வீட்டுச் சுவர் ஈரம் கண்டாலும், யார் வீட்டுப் பிள்ளை சோறு தின்ன மறுத்தாலும், தகவல் முதலில் மூன்றாவது தெரு ஜெபக்குமாருக்குத்தான் போகும். சிங்கப்பெருமாள் கோயில் பக்கத்துத் தொழிற்பேட்டையில், கார் உதிரிபாகம் செய்யும் கம்பெனியில் அவர் மெயின்டனன்ஸ் ஆள். பதினாலு வருஷ சர்வீஸ். ஓடுகிற மிஷின் நின்றால் ஓட வைப்பது வேலை. நிற்காத மிஷினைக்கூட நிறுத்தி அறிவுரை சொல்லிவிட்டு ஓட விடுவார் என்று கூட வேலை செய்பவர்கள் பேசிக்கொள்வது அவர் காதுக்கும் வந்திருக்கிறது. அதைப் பாராட்டு என்றே அவர் எடுத்துக்கொண்டார்.

நகருக்கென்று ஒரு வாட்ஸ்அப் குழு. அதில் இருநூற்றுப் பன்னிரண்டு பேர். அத்தனை பேரும் ஜெபக்குமாரிடம் ஆலோசனை கேட்டார்கள் என்று சொன்னால் அது பொய். ஒருத்தர் கேட்பார், மீதி இருநூற்றுப் பத்து பேருக்கும் சேர்த்துக் கிடைக்கும்.

கேட்பவர் பெரும்பாலும் எதிர்வீட்டு அருணகிரி. செங்கல்பட்டுக்கும் மாமல்லபுரத்துக்கும் டெம்போ ஓட்டுகிறவர்.

"அண்ணாத்த, சமையல் ரூம்பு கொழா சொட்டிகினே கீது. இன்னா பண்லாம்?"

"வாஷரை மாற்று" என்பதுதான் பதில். ஜெபக்குமாரின் பதிலோ ஒன்பது நிமிஷ வாய்ஸ் மெசேஜ். ரப்பர் ஏன் தேய்கிறது, தேய்ந்தது தெரியாமல் நாம் ஏன் குழாயை இன்னும் இறுக்கித் திருகுகிறோம், திருகத் திருக உள்ளே என்ன கெடுகிறது, இந்த அவசரபுத்தி பிள்ளை வளர்ப்பில் எப்படியெல்லாம் வெளிப்படுகிறது, கடைசியில் வாஷர். அருணகிரி எதையும் முழுசாகக் கேட்டதில்லை. 'வாஷர்' என்ற சொல் வரும்வரை விரலால் தள்ளிக்கொண்டே போவார். வந்ததும் வண்டியை எடுத்துக்கொண்டு கடைக்குக் கிளம்பிவிடுவார்.

ஆலோசனை எதுவும் தப்பில்லை, அதையும் சொல்லிவிட வேண்டும். கடலோரத்து வீட்டுக்கு இரும்பு ஸ்க்ரூ போடாதே, ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் போடு என்பார். ஓதம் அடிக்கும் சுவரில் பெயின்ட்டுக்கு மேல் பெயின்ட் அடிக்காதே, முதலில் தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று பார் என்பார். நூற்றுக்கு நூறு சரி. ஆள் விஷயம் தெரிந்தவர். அதுதான் கோளாறே. விஷயம் தெரியாதவர் ஒரு நிமிஷத்தில் முடித்துவிடுவார்.

கம்பெனியில் 'ஐந்து ஏன்' என்று ஒரு முறை உண்டு. மிஷின் நின்றால் ஏன் என்று கேள். வருகிற பதிலுக்கும் ஏன் என்று கேள். இப்படி ஐந்து தடவை கேட்டால் கோளாறின் வேர் வரைக்கும் போய்விடலாம். அந்த ஐந்தாவது பதிலுக்கு நேரே எந்த டிபார்ட்மென்ட் பொறுப்பு என்று எழுதிக் கையெழுத்து வாங்க வேண்டும். பதினாலு வருஷத்தில் ஜெபக்குமார் போட்ட ஐந்து ஏன்களில் ஒன்றுகூட மெயின்டனன்ஸ் டிபார்ட்மென்ட் வாசலில் வந்து நின்றதில்லை. அவ்வளவு திறமை.

அந்த முறையைத்தான் அவர் வீட்டுக்கும் கொண்டுவந்தார். மகள் ஜெனிட்டாவுக்கு அப்போது ஏழு வயசு, கையில் இருந்த கண்ணாடி டம்ளர் கீழே விழுந்து நொறுங்கியது.

"ஏன்மா உடைஞ்சுது?"

"கீய வியுந்துச்சு."

"ஏன் விழுந்துச்சு?"

"கை வழுக்கிச்சு."

"ஏன் வழுக்கிச்சு?"

"எண்ணெ இருந்துச்சு."

"ஏன் எண்ணெ இருந்துச்சு?"

"அம்மா தலைக்கு வெச்சு வுட்டுச்சு."

ஐந்தாவதைக் கேட்பதற்குள் அடுக்களையிலிருந்து ரெஜினா வந்துவிட்டாள். செங்கல்பட்டில் ஒரு மருந்துக்கடையில் பில் போடுகிறவள் அவள், பேச்சும் பில் மாதிரி சுருக்கமாகத்தான் வரும். "கொயந்த வெறுங்கால்ல நின்னுகினு கீது. மொதல்ல செருப்ப எட்த்தாந்து குடு. அப்பறம் விசாரணை வெச்சுக்கோ."

செருப்பு வந்தது. விசாரணை தொடர்ந்தது. மறுநாள் குழுவில் 'கண்ணாடிப் பொருளும் குழந்தைகளின் பொறுப்புணர்ச்சியும்' என்று பதினொரு நிமிஷ வாய்ஸ் வந்தது. "நேத்து என் பொண்ணு இன்னா பண்ணான்னா..." என்று ஆரம்பம்.

பிறகு எல்லா வாய்ஸுமே அப்படித்தான் ஆரம்பித்தன. அவள் இட்லி மாவை வாஷ்பேசினில் கொட்டி அடைத்தது, ஜன்னல் கொக்கியில் விரலை மாட்டிக்கொண்டது என்று எல்லாமே போட்டோவோடு இருநூற்றுப் பன்னிரண்டு வீட்டுக்கும் போய்ச் சேர்ந்தன. உதாரணம் இல்லாத அறிவுரை யார் மனசில் நிற்கும் என்பது அவர் கட்சி.

இப்போது ஜெனிட்டாவுக்குப் பத்து வயசு. இந்த இடைப்பட்ட காலத்தில் ஓர் அதிசயம் நடந்தது. ஜெபக்குமார் வீட்டில் எதுவுமே பழுதாகாமல் போனது.

"ரெண்டு வருஷமா என் வூட்ல ஒரு கொழா சொட்டல, ஒரு ஸ்விட்ச் கெடல. காரணம் இன்னா தெரியுமா? பழக்கம். சின்னதுலேர்ந்தே புள்ளைங்களுக்குப் பொருள எப்டி கையாள்றதுன்னு சொல்லிக் குட்க்கணும்." இது அவர் குழுவில் சொன்னது. அருணகிரி கைகூப்புகிற படம் ஒன்று போட்டார்.

ஜெபக்குமாருக்கு உள்ளூரப் பெருமை தாங்கவில்லை. வீட்டில் கோளாறே இல்லை, மகள் எதையும் உடைப்பதில்லை, போதாததற்கு மாசத்துக்கு ஒன்றிரண்டு தடவை ஷிப்ட் முடிந்து வரும்போது மீன்குழம்பு வேறு மணக்கும். கோவளத்தில் இருக்கும் மச்சினன் ஜெரோம் கொண்டுவந்து கொடுத்தான் என்பாள் ரெஜினா. படகு இன்ஜின் பார்க்கிற மெக்கானிக் அவன். அக்கா மேல் எவ்வளவு பாசம் என்று ஜெபக்குமார் இன்னும் ஒரு கரண்டி சோறு போட்டுக்கொள்வார்.

ஒரு சனிக்கிழமை கம்பெனியில் சரக்கு வரவில்லை. பாதி ஷிப்ட்டிலேயே பஸ் ஏற்றி அனுப்பிவிட்டார்கள். பதினொரு மணிக்கு வீட்டுக்குள் நுழைந்த ஜெபக்குமார் அடுக்களையில் ஜெரோமைப் பார்த்தார். ஸ்டூல் மேல் நின்றுகொண்டு கையில் டெஸ்டரோடு ஸ்விட்ச் போர்டைத் திறந்து வைத்திருந்தான். கீழே ஜெபக்குமாரின் டூல் பெட்டி திறந்து கிடந்தது. பக்கத்தில் ரெஜினாவும் ஜெனிட்டாவும் நின்றார்கள். மூன்று பேரும் அவரைப் பார்த்த பார்வையில், தப்பான வீட்டுக்குள் வந்துவிட்டோமோ என்று அவருக்கே ஒரு கணம் சந்தேகம் வந்தது.

"இன்னா மச்சான், இந்த நேரத்துல?"

"ஒண்ணுமில்ல மாமா. சங்கரா நல்லா கெட்ச்சுது. குட்த்துட்டுப் போலாம்னு வந்தேன்."

"மீன் குடுக்க ஸ்டூல் மேல ஏன் ஏறின?"

ஜெரோம் பதில் தேடினான். படகு இன்ஜினில் தேடுகிற மாதிரி அங்கேயும் இங்கேயும் பார்த்தான், கிடைக்கவில்லை. ரெஜினாதான் சொன்னாள்: "நேத்து சாயந்தரம் கிரைண்டர தொட்டதும் பாப்பாக்கு ஷாக் அட்ச்சுட்ச்சு. பிளக்க புடுங்கிட்டு மாமனுக்குப் போன் போட்டுது. இவன் காலைல பஸ் ஏறி வந்துட்டான்."

ஜெபக்குமார் கிரைண்டருக்குக் கீழே பார்த்தார். மாவாட்டுகிற இடம். ஈரத் தரை. வெறுங்கால்.

"எந்த விரல்மா? காட்டு."

ஜெனிட்டா கையைப் பின்னால் கட்டிக்கொண்டாள். "போட்டோ எட்ப்பியா?"

அவர் கையில் போன் இருந்தது. பஸ்ஸிலிருந்து இறங்கியதிலிருந்தே கையில்தான் இருந்தது, போட்டோ எடுக்க அல்ல. ஆனால் அதை அவளிடம் சொல்லி நம்ப வைக்கிற யோக்கியதை தனக்கு இல்லை என்று அவருக்குப் புரிந்தது. போனைச் சட்டைப் பைக்குள் போட்டார். அப்புறமும் பழக்கம் விடவில்லை.

"ஏன்மா என்கிட்ட சொல்லல?"

"நீ ஷிப்ட்ல இருந்த."

"ஷிப்ட் முட்ச்சுட்டு வந்தனே. அப்ப ஏன் சொல்லல?"

"சொன்னா ஏன் ஏன்னு கேட்டுகினே இருப்ப."

"கேட்டா பதில் சொல்றதுக்கு இன்னா? ஏன் சொல்ல மாட்ட?"

"அப்பறம் வாய்ஸ் போடுவ."

"நாலு பேருக்கு நல்லதுதானம்மா. ஏன் போடக் கூடாது?"

"ஸ்கூல் வேன்ல எல்லாம் சிரிக்கிறாங்கோ. நம்ம தெரு கவியா என்னை 'இட்லி மாவு'ன்னுதான் கூப்புட்றா. ரெண்டு வருஷமா."

நாலு ஏன் முடிந்தது. ஐந்தாவதைக் கேட்க ஜெபக்குமார் வாயைத் திறந்தார். பதில் அவருக்கே தெரிந்திருந்தது. பொறுப்பான டிபார்ட்மென்ட் என்று எழுத அந்த வீட்டில் வேறு டிபார்ட்மென்ட்டும் இல்லை. திறந்த வாயை மூடிக்கொண்டார்.

ஜெரோம் ஸ்டூலிலிருந்து இறங்கி, கிரைண்டருக்குப் பின்னாலிருந்து ஒரு எக்ஸ்டென்ஷன் பெட்டியை இழுத்துப் போட்டான். "போர்டு நல்லாதான் கீது மாமா. இதான் கோளாறு. மூணு ஓட்டை கீது, உள்ள ரெண்டு கம்பிதான் போவுது. எர்த்தே இல்ல. இத எவன் போட்டான்?"

எட்டு மாசத்துக்கு முன்னால், அவசரத்துக்கு, வீட்டில் கிடந்த பழைய டேபிள் ஃபேன் ஒயரை வைத்து, நாளைக்கு மாற்றிக்கொள்ளலாம் என்று போட்ட ஆள் அங்கேயே நின்றுகொண்டிருந்தார்.

"எர்த்த பத்தி நீ ஒரு வாய்ஸ் போட்ட பாரு," என்றாள் ரெஜினா, கோபம்கூட இல்லாமல். "பதிமூணு நிமிஷம். அதுல உன் பின்னாடி கடகடன்னு ஒரு சத்தம் கேக்கும். அது இந்த கிரைண்டர்தான்."

ஜெபக்குமார் சட்டையை மாற்றாமலே கடைக்குப் போய் மூன்று கம்பி ஒயர் வாங்கி வந்தார். மாமனும் மச்சானுமாகப் பழையதைப் பிடுங்கிப் போட்டார்கள். மூன்றாவது கம்பி சாக்கெட்டோடு நின்றுவிடாமல் மண்ணுக்குள் இறங்குகிறதா என்று பல்பு வைத்துப் பார்த்தார்கள். பல்பு பளிச்சென்று எரிந்தது. மண்ணில் புதைத்த கம்பி நன்றாகத்தான் இருந்தது, அதைத் தேடிப் போகத்தான் ஒயர் இல்லை. நடுவில் "சின்ன கட்டிங் பிளேயர் எங்க வெச்சேன்?" என்று ஜெபக்குமார் தேடினார். ஜெரோம் திரும்பிப் பார்க்காமலே சொன்னான்: "ரெண்டாவது தட்டு, இன்சுலேஷன் டேப்புக்குக் கீய."

அவருடைய பெட்டி. அவருக்குத் தெரியாதது அவனுக்குத் தெரிந்திருந்தது.

அப்புறம் ஒன்றொன்றாக வெளியே வந்தது. சமையலறைக் குழாய் இரண்டு தடவை. ஹால் ஃபேன் ரெகுலேட்டர். அலமாரிக் கீல். பாத்ரூம் கதவு. எல்லாம் அவர் ஷிப்ட்டில் இருந்தபோது. கோவளத்திலிருந்து மாமல்லபுரம், அங்கிருந்து இன்னொரு பஸ் என்று ஏறி இறங்கி, ஒரு கையில் மீனும் ஒரு கையில் ஸ்பேனருமாக வந்திருக்கிறான். பழுதே ஆகாத வீட்டின் ரகசியம் அதுதான். தின்ற மீன்குழம்பையெல்லாம் ஜெபக்குமார் மனசுக்குள் திரும்பிப் பார்த்தார். போன மாசம் வஞ்சிரம் வந்ததே, அன்றைக்கு எது உடைந்திருக்கும் என்று கேட்க அவருக்குத் துணிச்சல் வரவில்லை.

'என்ன அறிவு, என்ன அனுபவம்' என்று தன்னையே மெச்சிக்கொண்டார். 'இருநூத்திப் பன்னெண்டு பேர் வூட்டுக் கோளாறு உன்கிட்ட வருது. உன் வூட்டுக் கோளாறு கோவளத்துக்குப் போவுது.'

கிரைண்டர் ஷாக்குக்கு மாமன் வந்தான். நாளைக்கு மாமனிடமும் சொல்ல முடியாத ஒன்று வந்தால் ஜெனிட்டா யாரிடம் போவாள்? எப்படியாவது அவள் தன்னிடம் வந்து சொல்ல வேண்டும். அதற்கு என்ன செய்வது என்று பதினாலு வருஷ சர்வீஸில் யாரும் சொல்லித் தரவில்லை. கேட்கலாம் என்றால், இந்த மாதிரி விஷயத்துக்கெல்லாம் நகரில் எல்லோரும் கேட்பது அவரைத்தான்.

அந்த வாரம் அருணகிரி வழக்கம்போல் கேட்டார்: "அண்ணாத்த, பாத்ரூம் கொழாவும் சொட்ட ஆரம்ச்சிட்ச்சு."

ஜெபக்குமார் "வாஷர்" என்று எழுதி அனுப்பினார்.

குழு ஸ்தம்பித்தது. அரைமணி நேரம் கழித்து அருணகிரி நேரில் வந்து கேட்டைத் தட்டினார். "ஒடம்பு கிடம்பு செரியில்லையா அண்ணாத்த? ஆஸ்பத்திரி போணும்னா சொல்லு, வண்டி சும்மாதான் கீது."

மூன்று வாரம் போனது. வீட்டில் எதுவும் கெடவில்லை. இந்தத் தடவை நிஜமாகவே கெடவில்லை, மீனும் வரவில்லை. வாழ்க்கையில் முதல் தடவையாக ஒரு மெயின்டனன்ஸ் ஆள் ஏதாவது ஒன்று உடையாதா என்று ஏங்கினார்.

"நல்லா கீற கொழாவ ஏன்பா போட்டு உலுக்கிகினு கீற?" என்றாள் ரெஜினா.

"சும்மா. டைட்டா கீதான்னு பாத்தேன்."

"டைட்டாதான் கீது. வுடு."

நாலாவது ஞாயிற்றுக்கிழமை, மாதா கோயிலில் பூசை முடிந்து வந்த பிறகு, ஜெபக்குமார் கேட் கீலுக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தார். ஜெனிட்டா வந்து பக்கத்தில் நின்றாள். போய்விட்டாள். மறுபடி வந்தாள்.

"ப்பா."

"ம்."

"ஸ்கூல்ல பாத்ரூம் தாப்பாள நான் உட்ச்சிட்டேன்."

ஜெபக்குமாரின் கை நின்றது.

"மின்னாடியே அது செரியா விழாது. ஒருத்தி உள்ள போனா ஒருத்தி வெளிய கதவ புட்ச்சிக்கணும். அதான் காம்பஸ் வெச்சு ஸ்க்ரூவ டைட் பண்ணேன். மொத்தமா கயண்டு வந்துட்ச்சு. மிஸ்ஸுகிட்ட இன்னும் சொல்லல."

தொண்டையில் ஏன்கள் வரிசை கட்டி நின்றன. ஏன் காம்பஸ்? ஏன் மிஸ்ஸிடம் சொல்லவில்லை? ஸ்க்ரூ ஏன் கழன்றது என்பதற்கு மட்டுமே அவரிடம் நாலு நிமிஷம் சரக்கு இருந்தது. மரம் உளுத்துப்போய் ஸ்க்ரூ பிடிக்க இடமில்லாதபோது அதே ஓட்டையில் முறுக்கக் கூடாது, கொஞ்சம் தள்ளிப் புது ஓட்டை போட வேண்டும். அருமையான விஷயம். அவர் எச்சிலோடு சேர்த்து அதை விழுங்கினார்.

"தாப்பா எத்தினி இன்ச் இருக்கும்?" என்றார்.

ஜெனிட்டா அவர் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் அகல விரித்துக் காட்டினாள்.

"ஆறு. நாளைக்கு ரெண்டாவது ஷிப்ட்தான். காலைல உன்கூட வந்து மிஸ்ஸாண்ட கேட்டுட்டுப் போட்டுத் தரேன்."

"வாய்ஸ் போடுவியா?"

"மாட்டேன்."

"உதாரணத்துக்கு?"

"மாட்டேன்மா."

அவள் கேட் கம்பியைப் பிடித்துக்கொண்டு ஒரு காலை மாற்றி ஒரு காலில் நின்றாள். உள்ளே ஒரு தடவை எட்டிப் பார்த்தாள். அம்மா அடுக்களையில்தான் இருந்தாள். ஜெனிட்டா குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

"இன்னும் கீதுப்பா."

ஜெபக்குமார் எண்ணெய்க் குப்பியை மூடி வைத்துவிட்டு வாசற்படியில் உட்கார்ந்தார், அவளும் பக்கத்தில் உட்கார்ந்து சொல்ல ஆரம்பித்தாள். ரெஜினா இரண்டு தடவை சாப்பிடக் கூப்பிட்டாள். ரெண்டு பேரும் எழுந்து போகவில்லை.