கழலாத மோதிரமும் என் தாலிக்கொடியும்

எனக்கு எழுபது வயது. நாலு பிள்ளைகளை வளர்த்து ஆளாக்கினனான். ஐந்தாம் வகுப்போடு படிப்பு நின்றுபோனது. எழுத்தில் பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கோ.

இந்தப் பனி நாட்டில், வெஸ்ட்லி என்கிற இடத்தில் எங்கள் வீடு. லில்லெஸ்ட்ரோமுக்குப் பக்கத்தில் ஒரு தொழிற்சாலையில் கனகாலம் வேலை செய்தனான். அரிசிக் குறுணியிலும் சின்னதான மின் சாமான்களைப் பூதக்கண்ணாடிக்குக் கீழே வைத்துப் பார்த்து, பழுதானதைப் பிரிக்கிற வேலை. கார், போன் எல்லாத்துக்குள்ளும் அது இருக்காம்.

நான் ஓய்வெடுக்கக் கொஞ்சக் காலம் இருக்கும்போது அந்தத் தொழிற்சாலையை யப்பான் கொம்பனி ஒன்று வாங்கினது. உடம்பில் உலோகம் ஒன்றும் இருக்கக்கூடாது என்று சட்டம் வந்தது. உடம்பில் இருக்கிற கரண்ட் பட்டால் அந்தச் சாமான் செத்துப்போகுமாம். சரி என்று காப்பு, தோடு எல்லாம் உடனேயே கழற்றினேன். தாலிக்கொடி உடுப்புக்குள்ளே கிடந்தது. அதையும் கழற்று என்றாள் மேற்பார்வைக்காரி. வெள்ளைக்காரி, என் கடைசி மகளிலும் இளையவள். அவளின் விரலில் கலியாண மோதிரம், மேலே பிளாஸ்டர் சுற்றியபடி.

"அப்ப இது?" என்று கேட்டேன்.

"இது விரலை விட்டு வராது. வராத மோதிரத்துக்குப் பிளாஸ்டர் சுத்தலாம் எண்டு சட்டத்திலையே இருக்கு."

"என்ரையும் வராது."

"அது சங்கிலி. தலையாலை கழட்டலாம்."

"சோப்புப் போட்டால் உன்ரையும் வரும்."

பக்கத்து மேசைப் பெட்டை சிரித்துவிட்டாள். நானும் பிளாஸ்டர் போட்டு நெஞ்சோடு ஒட்டிக்கொண்டு வாறன், யப்பானுக்கு எழுதிக் கேள் என்றேன். கேட்டாளோ தெரியாது. சங்கிலி என்றால் சங்கிலிதானாம். கழற்று, இல்லாவிட்டால் பெட்டி கட்டுகிற பகுதிக்குப் போ என்றாள். அங்கே லொறியில் சாமான் ஏற்றுகிற பெரிய கதவு எந்நேரமும் திறந்திருக்கும். பனிக்குளிர் எலும்புக்குள்ளே இறங்கும்.

வீட்டுக்கு வந்து இவரிடம் சொன்னேன். சோபாவில் படுத்தபடியே சொல்லுறார்:

"வேலைக்குப் போகேக்கை மேசையிலை கழட்டி வைச்சிட்டுப் போமன். இஞ்சை ஆர் பாக்கப் போயினம்?"

கொம்பனி சொன்னதுகூட அவ்வளவு சுடவில்லை. கட்டின மனுசன் சொல்லுறார்!

"ஓம், கழட்டிறன். கோயிலிலை ஆரும் கேட்டால், மனுசன் சோபாவிலை செத்துக் கிடக்கிறார் எண்டு சொல்லுறன்."

அன்றைக்கு இவருக்குத் தேத்தண்ணி கிடைக்கவில்லை.

பெட்டி கட்டத்தான் போனேன். கம்பளிக்கு மேலே கம்பளி போட்டு, ஓய்வெடுக்கும்வரை கட்டினேன். தாலிக்கொடியை உடுப்புக்கு வெளியே எடுத்து விட்டுக்கொண்டுதான் கட்டினேன். மேற்பார்வைக்காரி அந்தப் பக்கம் வந்தால் இன்னும் கொஞ்சம் வெளியே இழுத்து விடுவேன். இப்ப நினைத்தாலும் பத்தி எரியுது. பிரிக்கிற மேசையில் இருந்த காலம் முழுக்கத் தாலியோடுதான் இருந்தனான். என் கையில் ஒரு சாமானும் சாகவில்லையே!

அம்மம்மா எழுதி முடிச்சிட்டன். பிள்ளை, இஞ்சை வா. நீ தமிழ்ப் பள்ளிக்கூடத்திலை படிச்சனிதானே, இதை ஒருக்கா வாசி பாப்பம். சத்தமா வாசி. அங்கை சோபாவிலை உன்ரை அம்மப்பா நித்திரை மாதிரி நடிக்கிறார், அவருக்கும் கேக்கட்டும்.