செபப் புத்தகத்தின் கடைசிப் பக்கம்

தூத்துக்குடியில் என் பெயரில் இரண்டு தோணிகள் ஓடின. ஐஸ் கம்பெனி வைத்தேன். மாடி எடுத்துக் கட்டிய வீடு இன்றும் நிற்கிறது. முதல் தோணி புயலில் போனபோது, இவன் இனி எழும்ப மாட்டான் என்றவர்களில் பாதிப்பேர் பிறகு என்னிடமே வேலை கேட்டு வந்தார்கள். படிப்பு மூன்றாம் வகுப்பு, அதுவும் அரைகுறை. துறைமுகத்தில் மூட்டை சுமக்கையில், சாக்கின் மேல் அடித்திருந்ததைப் பார்த்துப் பார்த்துத்தான் எழுத்தை மனதில் ஏற்றினேன். ஆனாலும் நான் செய்தவற்றில் பெரியது இதெல்லாம் இல்லை. கீழவைப்பாரில் எங்கள் தெருவில் வாசிக்கத் தெரியாதவர்கள் எத்தனை பேர் என்று அரசாங்கத்துக்கு உள்ளபடி போய்ச் சேரும்படி செய்தேனே, அதுதான்.

எழுபத்தொன்றாம் வருஷத்து ஜனத்தொகைக் கணக்கு அது. எடுக்க வந்த வாத்தியார் விளாத்திகுளத்துக்கு அந்தப் பக்கம், கரிசல்காட்டுக்காரர். கடற்கரை ஊர் அவருக்குப் புதிது. வீடு காட்ட நான் கூடப் போனேன். டீக்கடையில் அவர் சொன்ன ஒரு சேதி என்னை உட்காரவிடவில்லை. பெண்களுக்குச் சாயங்கால வகுப்பு சில ஊர்களுக்கு வரப்போகிறதாம். எழுத்தறியாதவர்கள் அதிகமுள்ள ஊருக்கே முதலில் கிடைக்குமாம்.

எனக்கு மதினியின் ஞாபகம் வந்தது. அண்ணன் கொழும்புத் தோணியில் போனால் திரும்ப மாதக்கணக்காகும். அவர் போடும் கடிதத்தை மதினி யாரிடமாவது நீட்டித்தான் கேட்க வேண்டும். நானே எத்தனையோ தடவை வாசித்துக் காட்டியிருக்கிறேன். அவர் தலையைக் குனிந்துகொண்டு கேட்பார்.

வாத்தியார் ஒவ்வொரு வீடாக ஏறி இறங்கினார். நான் வெளியே நின்று வெற்றிலைக்காரனோடு பேசிக்கொண்டிருந்தேன். கடைசியில் மதினி வீட்டுக்கு வந்தபோதுதான் உள்ளே போனேன்.

"எழுதப் படிக்கத் தெரியுமாம்மா?"

"தெரியும்," என்றார் மதினி. எனக்குத் தூக்கிவாரிப்போட்டது.

வாத்தியார் மாடத்தில் இருந்த செபப் புத்தகத்தை எடுத்துக் கொடுத்தார். மதினி விரித்துக் கடகடவென்று வாசித்தார். பக்கம் முடிகிற இடத்தில் சரியாகப் புரட்டவும் செய்தார். தினமும் சாயங்காலம் புத்தகத்தைக் கையில் வைத்துச் சொல்லிச் சொல்லி, எந்தச் சொல்லில் தாள் திரும்பும் என்பது வரைக்கும் எங்கள் பெண்களுக்கு மனப்பாடம். கரிசல்காட்டு மனுஷனுக்கு இது எப்படித் தெரியும்? தெரு பூராவையும் இப்படித்தான் வாசிக்கத் தெரிந்தவர்கள் என்று பதிந்திருக்கிறார். அவர்கள் பக்கத்துப் பெண்கள் கூசாமல் 'கைநாட்டு' என்று சொல்லிவிடுவார்களாம். எங்கள் பெண்களுக்கு அதைச் சொல்ல நா எழாது.

கணக்குத் தாள்களை மறுநாள் காலை தாலுகா ஆபீசில் கொடுத்தாக வேண்டும். எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. அச்சகத்து விலாசம் போட்டிருந்த கடைசிப் பக்கத்தை விரித்து நீட்டினேன்.

"மதினி, இதை வாசிங்க பாப்போம்."

"அதுல செபம் கெடையாதே, கொழுந்தனாரே."

"செபம் இல்லாட்டி என்ன? எழுத்துதான?"

மதினியின் முகம் செத்துப்போயிற்று. "என் மானத்த வாங்கவா இந்த மனுசனக் கூட்டிக்கிட்டு வந்திய?" என்று புத்தகத்தை மூடினார்.

வாத்தியார் வெளியே வந்து என் கையைப் பிடித்துக்கொண்டார். "அண்ணாச்சி, எல்லாம் எழுதி முடிச்சாச்சு. இனி அடிச்சுத் திருத்துனா மேல கேள்வி கேப்பாங்க."

"கேட்டா என்னயக் கை காட்டுங்க சார். வாங்க, முதல் வீட்டுலருந்து போவோம்."

அந்த வெயிலில் மறுபடியும் படி ஏறினோம். வீட்டுக்கு வீடு கடைசிப் பக்கம். எங்களுக்கு முன்னால் சேதி ஓடியது.

"மூணாங் கிளாஸ் தாண்டாதவன் நமக்குப் பரீட்ச வைக்க வாரானாம்ளா!"

"எனக்குப் படிப்பு வரும், கண்ணுதான் மங்கல்," என்றாள் ஒருத்தி.

"மங்கலோடயா வலைக்கு ஊசி கோக்க?" என்றேன். பக்கத்தில் நின்றவர்கள் சிரித்துவிட்டார்கள். அவளும் சிரித்தாள். அப்புறம்தான், "எனக்குத் தெரியாதுன்னு எழுதிக்கிடுங்க சார்," என்று ஒவ்வொருத்தியாகச் சொல்ல ஆரம்பித்தார்கள். பொழுது சாய்வதற்குள் வாத்தியார் அத்தனையையும் திருத்திவிட்டார்.

மதினி என்னோடு பேச்சை நிறுத்திக்கொண்டார். வகுப்பு வருமா, வராதா என்று தெரியாமல் மாதக்கணக்கில் அலைந்தேன். தாலுகா ஆபீசுக்குப் போய்ப் போய், பியூன் என்னைக் கண்டாலே முகத்தைத் திருப்பிக்கொள்ளும் அளவுக்கு ஆயிற்று.

வந்தது. கோயில் பள்ளிக்கூடத்தில், சாயங்காலச் செபம் முடிந்த பிறகு. முதல் நாள் முன்வரிசையில் மதினி. ஒரு வருஷம் கழித்து அண்ணன் கடிதம் வந்தபோது பழைய வழக்கத்தில் கை நீட்டினேன். அவர் கொடுக்கவில்லை. சுவரோரம் திரும்பி நின்று, உதடு அசைய, மெதுவாக வாசித்தார்.

"என்ன எழுதியிருக்காக?"

"ஒங்களுக்கு ஒண்ணுமில்ல," என்று மடித்து இடுப்பில் சொருகிக்கொண்டார். அத்தனை மாதத்துக்குப் பிறகு அவர் என்னோடு பேசிய முதல் பேச்சு அது.

இப்போது ஊர்த் திருவிழாவுக்குப் போட்ட மலரில், அந்தச் சாயங்கால வகுப்பு, கணக்கெடுக்க வந்த வாத்தியாரின் முயற்சியால் வந்தது என்று அச்சடித்திருக்கிறார்கள். வாத்தியார் நல்ல மனுஷன், மறுக்கவில்லை. ஆனால் அவர் முதலில் எழுதிய கணக்கு அப்படியே போயிருந்தால் எங்கள் தெருவுக்கு வகுப்பு ஏது? பெண்களின் ஏச்சை வாங்கிக்கொண்டு அவரைத் திரும்பப் படியேற்றியவன் நான். மலர்க் குழுவினருக்குச் சொல்கிறேன்: அடுத்த மலரில் அந்த வரியைத் திருத்துங்கள். வாத்தியார் பெயருக்கு முன்னால் என் பெயரைப் போடுங்கள்.